ஆவுளியா எத்தனை ஈற்று ஈனும்? கால்நடை டாக்டர் பதில்கள்

போன இதழில் சேதுபாவாசத்திரத்து வாசகர் ஒருவர், "கடல் பசுவுக்கும் கோமாரி வருமா டாக்டர்?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். "குளம்பே இல்லாத பிராணிக்குக் கோமாரி எங்கே வரும்?" என்று நானும் ஒரு வரியில் முடித்தேன். அதோடு விட்டதா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆவுளியாவைப் பற்றித்தான், அதாவது நம் கடலில் இருக்கும் கடல் பசுவைப் பற்றித்தான். "எல்லாவற்றையும் ஒரே இதழில் போட்டுவிடுங்கள் சார்" என்றார் ஆசிரியர். மடிநோய், சினை நிற்காமை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். அவசரமென்றால் பக்கத்து மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிப் போங்கள். பத்திரிகையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கடல் பசு என்கிறார்களே, நம் பசுவுக்கு அது என்ன உறவு? அசை போடுமா?
(வாசகி, ஒரத்தநாடு)

உறவே இல்லை அம்மா. புல் தின்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஒற்றுமை அவ்வளவோடு சரி. அசையும் போடாது.

நான் கடற்கரைப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், செத்து ஒதுங்கிய ஆவுளியாவைப் பிரேதப் பரிசோதனை செய்ய வனத்துறையிலிருந்து கூப்பிடுவார்கள். முதல் தடவை வயிற்றைத் திறந்தபோது என் கை பழக்கத்தில் நான்கு அறைகளைத் தேடியது. இருந்தது ஒரே இரைப்பை, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சுரப்பிப் பை. அதற்கப்புறம் குடல், குடல், குடல்தான். பெருங்குடலின் நீளம் மட்டும் 25 மீட்டருக்கு மேல் போகும். குதிரைக்குப் போலப் பின்குடலில்தான் புல் புளித்துச் செரிக்கிறது. தின்ற புல் வெளியே வர ஆறேழு நாள் ஆகும். உள்ளே கரும்பச்சையாக, நன்றாக அரைபட்ட புல் அடைத்துக்கொண்டு கிடந்தது. வாடை, பசுந்தீவனத்தைப் புளிக்கவைக்கும் சைலேஜ் குழியைத் திறந்தது போலத்தான்.

என்னை அசர வைத்தது விலா எலும்பு. அறுத்துப் பார்த்தால் உள்ளே மஜ்ஜைக் குழியே கிடையாது, முழுக்கக் கெட்டி எலும்பு. கையில் எடுத்தால் கல் கனம். நுரையீரல் நீளமாக முதுகோடு படுத்திருக்கிறது. மேலே காற்று, கீழே எலும்பின் பாரம். அதனால்தான் அது கவிழாமல், ஒரே மட்டத்தில் நின்று தரையில் மேய முடிகிறது.

ஆவுளியா யானைக்குச் சொந்தம் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. துடுப்பும் மீன் வாலும் உள்ள பிராணி எப்படி யானைக்குச் சொந்தமாகும்?
(பள்ளி மாணவர், மன்னார்குடி)

நல்ல கேள்வி தம்பி. வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, மாட்டு டாக்டர் பார்க்கிற இடங்களில் பார்.

முதலில் மடி. பசுவுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவில். யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவில். ஆவுளியாவுக்கும் முன்னால்தான். துடுப்பைத் தூக்கினால் அக்குளில் பக்கத்துக்கு ஒரு காம்பு. அடுத்து விதை. காளைக்கு வெளியே தொங்கும். ஆண் யானைக்கும் ஆண் ஆவுளியாவுக்கும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அப்புறம் தந்தம். வளர்ந்த ஆண் ஆவுளியாவின் மேலுதட்டுக்குக் கீழே இரண்டு குட்டித் தந்தம் எட்டிப் பார்க்கும். யானைத் தந்தத்தைப் போல அதுவும் முன்வெட்டுப் பல்தான், கோரைப் பல் இல்லை.

அமெரிக்கா, ஆப்பிரிக்கா பக்கம் இருக்கும் இன்னொரு வகைக் கடல் பசுவான மனாட்டியின் கடைவாய்ப் பல் இன்னும் வேடிக்கை. யானையின் கடைவாய்ப் பல் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும், தேய்ந்தது உதிரும், வாழ்நாளில் மொத்தம் ஆறு தடவை. மனாட்டிக்கும் அதே நகர்வுதான், ஆனால் கணக்கு வழக்கே இல்லை. மாதத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னே வரும், பின்னால் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். மண்ணும் மணலும் கலந்த புல்லைச் சாகும்வரை அரைத்தாக வேண்டுமே! மனாட்டியின் துடுப்பு நுனியில் யானைக்கு இருப்பதைப் போல நகமும் உண்டு. அமேசான் ஆற்று மனாட்டிக்கு மட்டும் அது இல்லை.

புதைபடிவச் சான்றும் இருக்கிறது. ஜமைக்காவில் கிடைத்த பெசோசைரன் என்ற பிராணி சுமார் 5 கோடி ஆண்டுப் பழையது. எலும்பெல்லாம் கடல் பசு, கால் மட்டும் நான்கு. தரையிலும் நடக்கும், தண்ணீரிலும் நீந்தும். இன்னொரு உறவைச் சொன்னால் சிரிப்பாய்: ஆப்பிரிக்கப் பாறை இடுக்குகளில் வாழும், முயல் அளவே உள்ள ஹைராக்ஸ். மரபணுச் சோதனையும் யானை, கடல் பசு, ஹைராக்ஸ் மூவரையும் ஒரே கிளையில்தான் வைக்கிறது.

மனாட்டியும் ஆவுளியாவும் ஒன்றா?
(வாசகர், கரூர்)

இல்லை. வாலைப் பார்த்தால் போதும். ஆவுளியாவுக்கு ஓங்கில் (டால்பின்) போலப் பிளவுபட்ட வால். மனாட்டிக்கு வட்டத் துடுப்பு வால். ஆவுளியா ஒரே இனம், கடலில் மட்டும் வாழும், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. மனாட்டி மூன்று இனம்: கரீபியன் மற்றும் புளோரிடாப் பக்கம் ஒன்று, அமேசானில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று. மனாட்டி ஆற்றுக்குள்ளும் போகும். நம் கடலில் மனாட்டி கிடையாது. வாட்ஸ்அப்பில் 'ராமேஸ்வரத்தில் ஆவுளியா' என்று வரும் வீடியோவில் வால் வட்டமாக இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என் பட்டியில் வருஷத்துக்கு ஒரு கன்று வாங்கவே நான் படாத பாடு படுகிறேன். ஆவுளியா எத்தனை ஈற்று ஈனும்?
(பால் பண்ணைக்காரர், பேராவூரணி)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் ஐயா. பதிலைக் கேட்டால் உங்கள் மாடுகளைக் கும்பிடுவீர்கள்.

சினைக்காலம் 13 முதல் 15 மாதம். ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான். குட்டி பிறக்கும்போதே ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 20 கிலோவுக்கு மேல் எடை. சில வாரத்திலேயே புல்லைக் கொறிக்க ஆரம்பித்தாலும் ஒன்றரை வருஷம் வரை தாயின் பின்னாலேயே பால் குடித்துத் திரியும். அடுத்த ஈற்றுக்கு இரண்டரை முதல் ஏழு வருஷம் வரை ஆகும். பெண் ஆவுளியா முதல் குட்டி போடும் வயது தெரியுமா? சீக்கிரம் என்றால் ஆறு, தாமதமென்றால் பதினேழு! எல்லாம் தீவனத்தைப் பொறுத்தது. புல் வளமாக இருந்தால் பருவமும் சீக்கிரம், ஈற்றிடைவெளியும் குறைவு. புல் அழிந்த வருஷம் சினையே பிடிக்காது. ஒட்டிப்போன கிடேரிக்குப் பருவம் வராமல் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான்.

ஆயுசு மட்டும் கெட்டி, 70 வருஷம் போகும். வயதைத் தந்தத்தில் பார்ப்பார்கள். நீளவாட்டில் அறுத்து மெருகேற்றினால் வருஷத்துக்கு ஓர் அடுக்கு தெரியும். பெண்ணுக்குத் தந்தம் பெரும்பாலும் வெளியே வராது, ஆனால் தாடைக்குள் அடுக்குக் கணக்கு பத்திரமாக இருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர்கூட வலை போடவில்லை, புல் அமோகம், நோய் நொடி இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கூட்டம் வருஷத்துக்கு அதிகபட்சம் 5 சதவீதம்தான் பெருகும். நூறு இருந்தால் அடுத்த வருஷம் நூற்றைந்து, அதுவும் எல்லாம் கூடி வந்தால். இந்தியக் கடலில் எல்லாம் சேர்த்தே சுமார் 200-தான் இருக்கும் என்பது 2013-ல் சொல்லப்பட்ட மதிப்பீடு. நம் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் என்று அவை சிதறிக் கிடக்கின்றன. அதில் வளர்ந்த பெண் ஒன்று வலையில் மாட்டிச் செத்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று பிறந்து, வளர்ந்து, குட்டி போட எத்தனை வருஷம் என்று நீங்களே பாருங்கள். வாங்கிவந்து பட்டியில் கட்ட இதற்குச் சந்தை கிடையாது.

எங்கள் கரையில் காற்றுக் காலத்தில் நாடா மாதிரிப் புல் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அதுதான் ஆவுளியா தின்பதா? மாட்டுக்குப் போடலாமா?
(வாசகர், மல்லிப்பட்டினம்)

மாட்டுக்கு வேண்டாம். உப்பு அதிகம். பசியில் தின்றாலும் கழிச்சல்தான் மிச்சம்.

நீங்கள் பார்ப்பது கடற்புல்தான். கடற்பாசி வேறு, இது வேறு. இதற்கு வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூக்கும். ஆனால் அந்த நீள நாடா ஆவுளியாவுக்கு இரண்டாம் தரம்தான். அதற்குப் பிடித்தது சின்ன இலை உள்ள மெல்லிய புல்: ஹாலோபிலா, ஹாலோடியூல் வகைகள். நார் குறைவு, சத்து அதிகம். மாடு மேலாகக் கடித்து இழுக்கும், இது அப்படியில்லை. மேலுதட்டு மயிரால் துழாவி, மண்ணைக் கிளறி, வேர் கிழங்கு இலை எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும். ஒரு நாளைக்கு 30 கிலோவுக்குக் குறையாது. அது போன வழியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாத மண்கோடு வளைந்து வளைந்து கிடக்கும். ஆவுளியாவைக் கண்ணால் பார்க்காத ஆராய்ச்சிக்காரர்கள்கூட இந்தக் கோட்டை வைத்துத்தான் 'இங்கே வந்து போயிருக்கிறது' என்று சொல்கிறார்கள்.

இந்தப் புல்லுக்கு வெயில் வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் அடிவரை வெளிச்சம் போகும். இழுவை மடி வலை கடல் தரையைச் சுரண்டிக் கிளப்பும் சேறு, இறால் பண்ணைக் கழிவு, ஊர்ச் சாக்கடை எல்லாம் மேலே திரை போடுகின்றன. நம் கரையில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் புல்லைப் பதித்துக் கடலடியில் வைத்து வளர்க்கும் வேலை நடக்கிறது. எனக்குப் பிடித்த வேலை அது. தீவனப் பயிர் போடாமல் மாட்டைப் பற்றிப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை.

அமெரிக்காவில் கடல் பசுவுக்குக் கீரை போட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
(வாசகி, திருப்பூர்)

உண்மை. சாலடுக்குப் போடுவார்களே, லெட்யூஸ், அதுதான். இடம் புளோரிடா.

மனாட்டி உருண்டு திரண்டு இருந்தாலும் குளிர் தாங்காது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆபத்து. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளுக்கும், மின்நிலையம் வெளியே விடும் சூடான நீருக்கும் கூட்டமாக வந்து ஒண்டிக்கொள்ளும். கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் என்றொரு நீண்ட உப்பங்கழி இருக்கிறது. அதைச் சுற்றி வீடுகள், புல்வெளிகள். அங்கிருந்து வந்த கழிவும் உரமும் வருஷக்கணக்கில் தண்ணீரில் கலந்து பாசி பொங்கியது. பச்சைத் தண்ணீருக்கு அடியில் வெளிச்சமில்லாமல் கடற்புல் செத்தது. மனாட்டிக்குக் கதகதப்பு இருந்தது, தீவனம் இல்லை. தீவனம் தேடி வெளியே போனால் குளிர். 2021-ல் புளோரிடாவில் மட்டும் 1,100 மனாட்டிகள் செத்தன. நிறைய எலும்பும் தோலுமாக.

அப்புறம்தான் அந்தக் குளிர்காலத்தில் கேப் கனவெரல் பக்கத்து மின்நிலையத்தருகே அரசே லெட்யூஸ் கொட்ட ஆரம்பித்தது. 90 டன்னுக்கு மேல் போட்டார்கள். மனாட்டிக்குப் பொதுமக்கள் தீனி போடுவது அங்கே குற்றம். அந்தச் சட்டம் போட்டவர்களே கொட்டும்படி ஆயிற்று. பஞ்சக் காலத்தில் வைக்கோல் முகாம் நடத்துவார்களே, அதேதான். உயிரைப் பிடித்து வைக்கும், மேய்ச்சலைத் திருப்பித் தராது. லெட்யூஸில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். வேறு வழியில்லாமல் செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாசியைத் தடுக்க இருபது வருஷம் முன்னால் செலவழித்திருந்தால் கீரைக்கட்டு தேவைப்பட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அங்கே இன்னொரு எமன் மோட்டார் படகு. வளர்ந்த மனாட்டிகளில் பலவற்றின் முதுகில் படகு மோட்டாரின் சுழல் இறக்கை வெட்டிய தழும்பு இருக்கும். நாம் மாட்டுக்குக் காது வில்லை போடுகிறோம். அவர்கள் தழும்பின் படத்தை வைத்தே இது இன்ன மனாட்டி என்று பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

இந்த இனத்தில் ஒன்று முழுதாக அழிந்துவிட்டதாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ஆமாம் சார். ஸ்டெல்லர் கடல் பசு. எட்டு மீட்டர் நீளம், பல டன் எடை. வடக்கே பேரிங் கடலின் குளிரில், கமாண்டர் தீவுகளைச் சுற்றி இருந்தது. பல்லே கிடையாது. வாய்க்குள் கெட்டித் தட்டுகளை வைத்து, கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியை நசுக்கித் தின்னும்.

1741-ல் விட்டஸ் பேரிங்கின் ரஷ்யக் கப்பல் அந்தத் தீவொன்றில் தரைதட்டியது. பேரிங் அந்த டிசம்பரில் அங்கேயே இறந்தார். கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆய்வாளராகவும் வந்தவர் ஜார்ஜ் ஸ்டெல்லர். பட்டினியும் பல் ஈறு அழுகும் நோயுமாகக் கிடந்த கூட்டம், அடுத்த கோடையில் கடல் பசுவை வேட்டையாடக் கற்றுக்கொண்டது. அதன் கொழுப்பு வாதுமை எண்ணெய் போல இருந்தது, வெயிலில் வைத்தாலும் கெடவில்லை என்று ஸ்டெல்லர் எழுதியிருக்கிறார். மனிதர் அதைத் தின்றதோடு நிற்கவில்லை. 1742 ஜூலையில் ஒரு பெண் பிராணியை முழுதாக அளந்து, அறுத்து, குடல் வரைக்கும் குறித்து வைத்தார். மழை, சேறு, உதவிக்கு வந்தவர்களும் சரியாக ஒத்துழைக்கவில்லை, நரிகள் காகிதத்தையும் மையையும் தூக்கிக்கொண்டு ஓடின. கடற்கரையில் பிரேதப் பரிசோதனை செய்து பழகிய எனக்கு அவர் மேல் தனி மரியாதை. கொல்லப்பட்ட பெண்ணைத் தேடி ஆண் கடல் பசு இரண்டு நாள் தொடர்ந்து கரையோரம் வந்து நின்றதையும் அவர்தான் எழுதிவைத்தார்.

பிழைத்தவர்கள் சின்னக் கப்பல் கட்டி ஊர் திரும்பியபோது கடல் நீர்நாய்களின் தோலைக் கொண்டுபோனார்கள். தோலுக்கு நல்ல விலை. வேட்டைக் கப்பல்கள் வரிசையாகத் தீவுக்கு வந்தன. வந்தவர்களுக்குச் சாப்பாடு கடல் பசு. 1768-ல் கடைசியானதும் போயிற்று. உலகம் அறிந்து 27 வருஷம்! கடல் நீர்நாயை அழித்ததால் அது தின்னும் கடல் முள்ளெலிகள் பெருகி கெல்ப்பைத் தின்று தீர்த்தன, கடல் பசுவின் அழிவில் அதற்கும் பங்கிருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஈட்டி ஒரு பக்கம் என்றால் தீவனம் இன்னொரு பக்கம்.

என் தாத்தா காலத்தில் ஆவுளியாக் கறி சாப்பிட்டிருக்கிறார்கள். அதன் எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்களே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

பெயர் வேண்டாம் என்றதிலேயே பாதிப் பதில் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். தாத்தா காலத்தில் சாப்பிட்டது உண்மைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது இருந்த எண்ணிக்கை வேறு. இன்று அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கிறது. கொன்றாலோ கறியை விற்றாலோ 3 முதல் 7 வருஷம் வரை சிறை. எண்ணெய் மூட்டுவலிக்குக் கேட்கும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. சூடாக்கித் தேய்த்தால் எந்த எண்ணெயும் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். நல்லெண்ணெய் மலிவு.

வலையில் மாட்டினால் என்ன செய்வது? காப்பகம் என்று அறிவித்துவிட்டார்களே, எங்களுக்குத் தொழிலில் சிக்கல் வருமா?
(நாட்டுப்படகு மீனவர், கோட்டைப்பட்டினம்)

தம்பி, முதலில் முதல் கேள்வி. அதற்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். வலை அடியில் அமுக்கிப் பிடித்தால் மூழ்கிச் சாகும். ஆகவே பார்த்தவுடன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர வேண்டும், பிறகு வலையை அறுக்க வேண்டும். வாலில் கயிறு போட்டு இழுக்காதே. படகில் ஏற்றாதே. தண்ணீர் தாங்கிக்கொண்டிருக்கும் உடம்பு அது, தரையில் போட்டால் தன் எடையே நெஞ்சை அமுக்கும். குட்டி தனியாகத் தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். பாவம் என்று கரைக்குத் தூக்கி வராதே. தாயில்லாக் குட்டியை வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாய்லாந்தில் பார்த்தார்கள். 2019-ல் மரியம் என்ற குட்டியைக் கடலிலேயே வைத்துப் பாலும் புல்லும் ஊட்டினார்கள், நாடே கொண்டாடியது. சில மாதத்தில் செத்துப்போனது. குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன.

விட்டதை போனில் படம் பிடித்து வனத்துறைக்குச் சொல். உயிரோடு விட்ட மீனவர்களுக்குச் சான்றிதழும் பணமும் கொடுத்திருக்கிறார்கள். அறுத்த வலையின் விலைக்கு அது ஈடாகுமா என்பது வேறு விஷயம். தாமதமில்லாமல் முழு விலையும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது கேள்வி. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று வந்த முதல் காப்பகம் அது. தேசியப் பூங்கா போல ஆள் நுழையக் கூடாது என்கிற வகை இல்லை இது. உள்ளூர் மக்களைக் கலந்து நடத்த வேண்டிய வகை. உன் தொழிலுக்குச் சிக்கல் வருவது என்றால், கரையோரம் வந்து அடிவரை வாரிப் போகிற இரட்டைமடியால்தான் வரும். அது ஏற்கனவே தடை செய்யப்பட்ட வலை. அந்த விஷயத்தில் நீயும் ஆவுளியாவும் ஒரே பக்கம்.

பிள்ளைகளுக்கு ஆவுளியாவைக் காட்ட ஆசை. எங்கே போனால் பார்க்கலாம்?
(வாசகி, சேலம்)

தமிழ்நாட்டில் டிக்கெட் வாங்கிப் பார்க்க இடமே இல்லை அம்மா. தொட்டியில் வைத்து வளர்ப்பதும் எளிதில்லை. தினமும் அவ்வளவு புல்லுக்கு எங்கே போவது? எகிப்தில் மர்சா ஆலம் பக்கம் முக்குளிப்பவர்கள் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் கடல் கலங்கல், ஆவுளியாவும் கூச்ச சுபாவம். மூச்சு வாங்க மூக்கை மட்டும் ஓரிரண்டு நொடி நீட்டிவிட்டு இறங்கிவிடும். வருஷக்கணக்கில் தொழிலுக்குப் போகிற மீனவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். மல்லிப்பட்டினம் பக்கத்து மனோராவில் சர்வதேச ஆவுளியாப் பாதுகாப்பு மையம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. மையம் திறந்தபின் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், படமும் மாதிரியும் வைத்து விளக்கமாகச் சொல்வார்கள். இப்போதே வருவதென்றால் அங்கே சரபோஜி மன்னர் கட்டிய மனோராக் கோபுரத்தைப் பாருங்கள், மல்லிப்பட்டினத்தில் மீன் வாங்குங்கள். "ஆவுளியா காட்டுகிறேன், படகில் ஏறுங்கள்" என்று யாராவது ஆயிரம் ரூபாய் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.